கேளாது தந்த பரிசில்

முதுபெரும் இசைக்குழு ஒன்று பெருநிறுவனத்தின் பணத்தில் மேடையேறும்போது அதன் நெடுநாள் ரசிகர்களுக்கு ஏன் மனம் கசக்கிறது? பாட்டு அதே பாட்டு. வாசிப்பவர்களில் பலர் அதே கலைஞர்கள். ஒலிபெருக்கி முன்னைவிடத் துல்லியம். மேடை முன்னைவிட விரிவு. ஆயினும் கச்சேரி முடிந்து வீடு திரும்பும் வழியில் எதையோ பறிகொடுத்தது போன்ற ஓர் எண்ணம் கூடவே வருகிறது. மதுரையில் எங்கள் வாசக நண்பர் வட்டத்தில் சில மாதங்களாக இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வருகிறது. நாவலும் சிறுகதையும் பேசுவதற்கென்று கூடிய மாலைகள் பலவற்றை இது விழுங்கிவிட்டது. பேசியவற்றை வரிசைப்படுத்தி எழுதிப் பார்த்தால் நாங்கள் உண்மையில் எதற்காக வருந்துகிறோம் என்பது எங்களுக்கே தெளிவாகலாம் என்ற நம்பிக்கையில் எழுதப்படுவது இக்கட்டுரை.

விவாதத்திற்கு வித்திட்டது ஒரு கச்சேரி. சுற்றுச்சாலையை ஒட்டிய பொட்டல் வெளியில், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் திரையிசையில் ஊறிய கலைஞர்களைக் கொண்ட குழு ஒன்று வாசிக்கப்போவதாகச் சுவரொட்டிகள் முளைத்தன. சுவரொட்டியின் மேற்பாதியில் நிறுவனத்தின் பெயர். கீழ்ப்பாதியில், நிறுவனத்தின் எழுத்தைவிடச் சிறிய எழுத்தில், குழுவின் பெயர். எங்களில் இருவர் அந்தச் சுவரொட்டியைப் பார்த்த அன்றே போவதில்லை என்று முடிவு செய்துவிட்டனர். மூவர் ஆயிரம் ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினர். ஒருவருக்கு அலுவலகத்தின் வழியே பாஸ் கிடைத்தது. ஆக, புறக்கணித்தவர், பணம் கொடுத்தவர், இலவசமாய் முன்வரிசையில் அமர்ந்தவர் என மூன்று சாட்சிகளும் எங்களுக்குள்ளேயே அமைந்துவிட்டனர்.

மூன்று சாட்சியங்களும் ஓரிடத்தில் ஒத்துப்போயின. சிறப்பு விருந்தினர் வருகைக்காகக் கச்சேரி ஒரு மணி நேரத்திற்கும் மேல் தாமதமாகத் தொடங்கியது. மேடைக்கு எதிரே வெள்ளை உறை போர்த்திய சோபாக்கள். அவற்றில் பாதி எட்டரை மணி வரை காலி. நிரம்பியவை ஒன்பதரைக்குள் மறுபடி காலி. அங்கே அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தொழில் தொடர்பாக அழைக்கப்பட்டவர்கள். பாட்டு நடக்கும்போது முதுகைத் திருப்பி மேடை தெரியும்படி படம் எடுத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக் கூடாரத்திற்குப் போய்வந்தார்கள். ஆயிரம் ரூபாய்க்காரர்கள் தடுப்புக் கம்பிகளுக்குப் பின்னால் நின்று திரையில்தான் கலைஞர்களின் விரல்களைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அப்பால், வேலிக்கு வெளியே சாலை மேட்டில், பக்கத்துக் கிராமங்களிலிருந்து நடந்து வந்த பெண்கள் முந்தானையை விரித்து உட்கார்ந்து, ஒரு பாட்டு விடாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் கேட்கவில்லை. கேட்டவர்கள் உள்ளே இல்லை. இதைச் சொன்னவர் பாஸில் போன நண்பர்தான்.

*

பெருநிறுவனம் பணம் கொடுப்பதே தவறு என்று புறக்கணித்த நண்பர்கள் இருவரும் வாதிட்டார்கள். கலை சந்தைக்குப் போய்விட்டது என்பது அவர்கள் கட்சி. இந்த வாதம் நெடுநேரம் நிற்கவில்லை. ஏனெனில் மதுரையிலும் அதைச் சுற்றிய சமவெளியிலும் யாரோ ஒருவர் பணம் கொடுக்காமல் எந்தக் கச்சேரியும் எந்தக் காலத்திலும் நடந்ததில்லை.

சோழவந்தான் பக்கமோ மேலூர் பக்கமோ பங்குனியில் ஒரு கிராமத்துக் கோயில் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். தலைக்கட்டு வரி வசூலாகும். அது சாமிக்கும் பந்தலுக்கும் போக, மெல்லிசைக் குழுவிற்கான செலவை ஊரில் பிறந்து வெளியூரில் கடை வைத்திருப்பவர், சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போனவர், நெல் வியாபாரி என்று யாராவது ஏற்றுக்கொள்வர். அதற்குப் பெயர் உபயம். உபயதாரரின் விளம்பர ஆசையும் ஒன்றும் குறைந்ததன்று. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்குத் தம் பெயரையும் தகப்பனார் பெயரையும் சிவப்பு மையில் எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள். ஒவ்வோர் இரண்டு பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளர் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். மேடையில் துண்டு போர்த்தியாக வேண்டும். நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுத்த மைத்துனரின் பெயரையும் ஒலிபெருக்கியில் முழங்கியாக வேண்டும். நிறுவனப் பதாகைகளைக் கண்டு முகம் சுளிக்கும் எவரும் இந்த டியூப் லைட்டை மறந்துவிட்டுப் பேசலாகாது.

எனினும் இரண்டிற்கும் வேறுபாடு உண்டு. துண்டைப் போர்த்திக்கொண்ட பின் உபயதாரர் மேடையிலிருந்து இறங்கி, அதே மணலில், தம் அத்தை மாமன் பிள்ளைகளோடு பாய் விரித்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு நாற்காலி கூடுதலாகக் கிடைத்திருக்கலாம். ஆனால் அவரும் கேட்க வந்தவர். தமக்குப் பிடித்த பாட்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மேடைக்கு அனுப்புவார். அவருக்குப் பின்னால் இருந்த பள்ளிக்கூடத்துப் பையனும் ஒரு சீட்டு அனுப்புவான். இரண்டு சீட்டும் ஒரே கையில் போய்ச் சேரும். சில வேளை பையனின் பாட்டு முதலில் வரும். உபயதாரர் முறைத்துக்கொள்வார், ஆனால் எழுந்து போகமாட்டார்.

துண்டுச் சீட்டைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். மெல்லிசைக் குழுக்களின் உண்மையான பாட்டுப் பட்டியலை எழுதியவை அந்தச் சீட்டுகளே. பக்திப் பாடலில் தொடங்கி எப்படிப் போக வேண்டும் என்று குழு ஒரு திட்டத்தோடுதான் வரும். பத்தாவது பாட்டுக்குள் திட்டம் காற்றில் பறந்துவிடும். பட்டாளத்தில் இருந்து விடுப்பில் வந்தவர் ஒரு பாட்டுக் கேட்பார். கணவனை இழந்த ஒருத்தியின் பெயரைப் போடாமல் அவள் அண்ணன் மகன் ஒரு பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்புவான். ஊரின் ஓராண்டு வாழ்க்கை அந்த டப்பாவில் வந்து விழும். எழுபதுகளின் பாட்டைக் கேட்டுச் சீட்டு வந்தால் தாளக்காரர் சிரித்துக்கொண்டே குச்சியை மாற்றிப் பிடிப்பதை நாங்களே கண்டிருக்கிறோம்.

இந்தப் பழைய உலகமும் குறையற்றதன்று. யார் எந்தப் பக்கம் உட்காரலாம், யார் தெருவிற்குள் மேடை வரலாம் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் இச்சமவெளியில் ஏராளம். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் தொடங்கிய பின், திருவிழாக் காலங்களில் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி கோரும் வழக்குகள் அங்கே குவிவது வழக்கமாயிற்று. ஆபாசம் கூடாது, சாதியையோ கட்சியையோ புகழும் பாட்டுக் கூடாது, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும் என்ற நிபந்தனைகளோடு நீதிபதிகள் அனுமதி வழங்கினர். மணல் எல்லோருக்கும் ஒரே மணலாக இருந்திருந்தால் அந்த நிபந்தனைகள் தேவைப்பட்டிரா. ஆகவே பழைய உபயத்தைப் பொற்காலமாக்கிப் புதிய விளம்பரதாரரை அசுரனாக்கும் கதை எங்களுக்கு உடன்பாடன்று.

*

கொடுப்பவர் பாட்டையே மாற்றிவிடுகிறார் என்பது அடுத்த குற்றச்சாட்டு. இதுவும் புதிதன்று. நகரத்தார் வணிகக் குடும்பத்தில் பிறந்த ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசை இயக்கத்தின் பெரும் புரவலராக நின்றார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. மேடையில் என்ன மொழியில் பாட வேண்டும் என்பதில் புரவலர் ஒருவர் நேரடியாகத் தலையிட்டதற்கு இதைவிடப் பெரிய சான்று இல்லை. அந்தத் தலையீட்டின் பயனை மதுரை இன்றும் அனுபவிக்கிறது. தல்லாகுளம் பக்கம் ராஜா முத்தையா மன்றத்தில் தமிழ்ப் பண்ணைக் கேட்டு வளர்ந்தவர்கள் எங்களிலேயே உண்டு. புரவலரின் விருப்பம் எப்போதும் பாட்டைக் கெடுக்கும் என்று சொல்ல முடியாது. அவர் பாட்டின்மீது ஒரு விருப்பத்தோடு வந்தாரா என்பதே கேள்வி.

கட்சி மேடைகளையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அன்று மதுரை மாவட்டத்திலும் இன்று தேனி மாவட்டத்திலும் அடங்கிய பண்ணைப்புரத்திலிருந்து பாவலர் வரதராசனும் தம்பிகளும் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார்கள். 1958இல் தேவிகுளம் இடைத்தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களிடையே பாவலர் பாடிய பாட்டு இன்றும் நினைவுகூரப்படுகிறது. அந்தத் தம்பிகளில் ஒருவரே இளையராஜா. பாவலர் சகோதரர்களின் கச்சேரிக்கு நுழைவுச் சீட்டு இல்லை. புரவலர் என்று ஒருவரைச் சொல்வதானால் அது கட்சிதான். பாட்டிற்குள் கட்சியின் செய்தி இருந்தது. அதை விளம்பரம் என்று ஏன் ஒருவரும் சொல்வதில்லை? கூட்டத்தில் நின்றவர்கள் அந்தச் செய்தியைத் தம்முடையது என்று எண்ணினார்கள். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் பாடுபவருக்கும் பொதுவாக ஏதோ ஒன்று அங்கே இருந்தது.

இங்கேதான் புறநானூற்றின் 208ஆம் பாட்டு எங்கள் பேச்சில் நுழைந்தது. பெருஞ்சித்திரனார் மலைகளைக் கடந்து அதியமான் நெடுமான் அஞ்சியிடம் வருகிறார். அவன் அவரைக் காணாமலேயே பரிசிலைக் கொடுத்தனுப்புகிறான். புலவர் அதை ஏற்க மறுக்கிறார். முகம் பாராது தரப்படும் பொருளைப் பெற்றுக்கொண்டு போவதற்குத் தாம் வணிகம் செய்ய வந்தவர் அல்லர் என்பதும், தம்மை அறிந்து மதித்துத் தருவதாயின் தினையளவு தந்தாலும் அது இனிது என்பதும் அவர் கூற்றின் சாரம். பரிசிலை வெறுத்தவரில்லை பெருஞ்சித்திரனார். பசியை அவரைப்போல் எழுதியவர் சங்கப் பாடல்களில் சிலரே. அவ்வளவு வறுமையிலும் அவர் கேட்டது, கொடுப்பவன் ஒருமுறை எதிரே வந்து அமர வேண்டும் என்பதை.

அந்தப் பாட்டைப் படித்த மாலையில் எங்களுக்குள் சிக்கல் ஓரளவு அவிழ்ந்தது. பொருள் கொடுத்தவன் எதிரே இருக்கிறானா, கேட்கிறானா என்பதே புலவரின் உரைகல். கிராமத்து உபயதாரர் அதில் தேறுகிறார். தமிழிசைக்குப் பொருள் தந்தவர் தேறுகிறார். பொட்டல் வெளியில் காலியாகக் கிடந்த அந்த வெள்ளைச் சோபாக்கள் தேறவில்லை.

*

இந்த மனக்கசப்பு மதுரைக்கு மட்டும் உரியதன்று. 1981இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்திற்கு ஜோவன் என்னும் வாசனைத் திரவிய நிறுவனத்தின் பெயரைத் தாங்கிச் சென்றது. கலகக்காரர்களாகப் பெயர் பெற்ற குழு அத்தர் விற்கிறதே என்று பழைய ரசிகர்கள் நொந்துகொண்டார்கள். அரங்குகள் நிரம்பத்தான் செய்தன. 1988இல் நீல் யங், நிறுவனங்களுக்காகப் பாடும் சக கலைஞர்களைக் கேலி செய்து ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் ஒளிப்படத்தை எம்டிவி முதலில் ஒளிபரப்ப மறுத்தது. மறுத்த அதே தொலைக்காட்சி அடுத்த ஆண்டு அதற்கே ஆண்டின் சிறந்த ஒளிப்படம் என்ற விருதையும் கொடுத்தது. எதிர்ப்பையும் வாங்கிக்கொள்ளும் வல்லமை சந்தைக்கு உண்டு என்பதற்கு எங்கள் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்லும் எடுத்துக்காட்டு இது.

எங்கள் பக்கத்தில் விளம்பரதாரர் பெயரே வலிக்கும் தருணங்களும் உண்டு. கங்கைகொண்டான் சிப்காட்டில் உள்ள குளிர்பான ஆலைகளுக்குத் தாமிரபரணித் தண்ணீர் தருவதற்கு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 2016 நவம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. இடையில் 2017 சனவரியில் தமுக்கத்திலும் அலங்காநல்லூரிலும் சல்லிக்கட்டுக்காகத் திரண்ட கூட்டம் அந்நியக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கவும் குரல் எழுப்பியது; மார்ச் முதல் நாளிலிருந்து அவற்றை விற்பதில்லை என வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஆறே ஆண்டுகளில், 2023இல், கோக் ஸ்டுடியோ தமிழ் வந்தது. நல்ல பாட்டுகள் வந்தன. நிலத்தையும் மக்களையும் பாடிய கலைஞர்கள் அதில் பாடினார்கள். எங்களில் சிலர் அவற்றை மனமுவந்து கேட்டனர். சிலரால் பாட்டின் தொடக்கத்தில் வரும் சிவப்பு நிறத்தைத் தாண்ட முடியவில்லை. இதில் ஒரு தரப்பை மூடர் என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. ஆற்றங்கரையில் பிறந்தவருக்குத் தண்ணீரின் கணக்கு பாட்டைவிட முதலில் நினைவுக்கு வருவது இயல்பு.

ஆனால் ரசிகர்களின் சினம் பெரும்பாலும் விளம்பரதாரரின் பெயரைக் கண்டு எழுவதில்லை. வேலியைக் கண்டு எழுகிறது. 2023 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னை பனையூரில் நடந்த ஏ.ஆர்.ரஹ்மானின் ‘மறக்குமா நெஞ்சம்’ நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்கியும் உள்ளே நுழைய முடியாமல் திரும்பியவர்கள் பலர். நெரிசலில் பெண்களும் குழந்தைகளும் பட்ட பாடு செய்தியாயிற்று. ஏற்பாட்டாளர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். ரஹ்மான் தாமே பொறுப்பேற்று, நுழைய முடியாதவர்களுக்குப் பணம் திரும்பக் கிடைக்க வழி செய்தார். 2024 பிப்ரவரி 9ஆம் நாள் யாழ்ப்பாணம் முற்றவெளியில், தனியார் கல்வி நிறுவனம் ஒன்றின் ஆதரவில் ஹரிஹரன் பாடினார். நின்று பார்ப்போருக்கு இலவசம், இருக்கைகளுக்குக் கட்டணம். கூட்டம் பெருகித் தடுப்புகளைக் கடந்தது. நிகழ்ச்சி இடையில் நின்றது. யாழ்ப்பாணத்து இளைஞர்களின் ஒழுக்கக் குறைவு என்று அதைக் கண்டித்தவர்கள் உண்டு. முன்னால் சிலருக்கு இருக்கையும் பின்னால் பல்லாயிரம் பேருக்குக் கம்பியுமாக ஒரு மைதானத்தைப் பிரித்தால் என்ன நேரும் என்று கேட்டவர்களும் உண்டு. நாங்கள் இரண்டாமவர்களோடு நிற்கிறோம். தடுப்பை உடைத்ததைச் சரியென்று சொல்வதற்காகவன்று, தடுப்பை எங்கே போடுவது என்று தீர்மானித்தவரையும் கேள்வி கேட்க வேண்டும் என்பதற்காக.

*

இவ்வளவும் ரசிகர் தரப்பு. வாசிப்பவர் தரப்பை எங்களுக்குச் சொன்னவர், மதுரைப் பக்கத்து மெல்லிசைக் குழுக்களில் நாற்பது ஆண்டுகளாகக் கீபோர்டு வாசிக்கும் அண்ணன் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பொட்டல் வெளிக் கச்சேரியில் துணைக் கலைஞராக அவரும் மேடையில் இருந்தார். எங்கள் வாதங்களை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரிதான். ஆனா ஊர்த் திருவிழாவுல விடிய விடிய வாசிச்சிட்டு, பாக்கிக் காசுக்கு ஆறு மாசம் நடந்தவன் நான். கம்பெனிக்காரன் மறுநாள் காலையில பேங்க்ல போட்டுட்டான். எனக்கு அறுபத்திமூணு வயசு. சக்கரை இருக்கு. பத்து மணிக்குக் கச்சேரி முடிஞ்சா பதினொண்ணுக்கு வீட்டுல படுக்கலாம். சோபாவுல ஆள் இல்லைன்னு உங்களுக்கு வருத்தம். எனக்கும் இருக்கு. ஆனா வருத்தத்த வெச்சு மாத்திரை வாங்க முடியாதுல்ல?”

இதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் பதிவான திரைப்பாடல்களில் குழல் ஊதியவரும் வயலின் இழைத்தவரும் தபலா தட்டியவரும் பெரும்பாலும் அன்றைய கூலியை வாங்கிக்கொண்டு வீட்டிற்குப் போனவர்கள். பாட்டு அரை நூற்றாண்டு ஓடினாலும் அவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாட்டெழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் ராயல்டியில் விட்டுக்கொடுக்க முடியாத உரிமையை உறுதி செய்தது. இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து வாசித்தவரின் அடுப்பை அது எட்டவில்லை. பிறகு கணினி வந்தது; ஐம்பது பேர் வாசித்த இடத்தில் ஒருவர் விசைப்பலகையோடு அமர்ந்தார். பதிவுக் கூடத்தில் வேலை இழந்த முதிய கலைஞருக்கு மேடையே எஞ்சியது. மேடைக்குப் பணம் கொடுக்க நிறுவனமே எஞ்சியது.

ரசிகர் என்ன கொடுத்தார் என்பதையும் இங்கே பேச வேண்டும். மதுரையில் ஒரு தலைமுறை முழுவதும் பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கடையில் கொடுத்து, வெற்று கேசட்டில் பதிந்து வாங்கித்தான் இசை கேட்டது. அடுத்த தலைமுறை ஐம்பது ரூபாய்க்கு இருநூறு பாட்டு அடங்கிய எம்பி3 வட்டு வாங்கிற்று. அதற்கடுத்தது திறன்பேசியில் இலவசமாகக் கேட்கிறது. இவற்றில் எதிலிருந்தும் குழல்காரருக்குக் காலணா போகவில்லை. ஆண்டுக்கொருமுறை ஆயிரம் ரூபாய்ச் சீட்டு வாங்கும் ரசிகர், கலைஞர் தூய்மையாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும்போது, அந்தத் தூய்மைக்கான செலவை யார் ஏற்பது என்று யோசிப்பதில்லை.

2017 மார்ச்சில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது, தம் பாடல்களை அனுமதியின்றிப் பாடக்கூடாதென இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் அறிவிக்கை போயிற்று. ரசிகர் உலகம் இரண்டுபட்டது. பாட்டு மக்களுடையது என்றது ஒரு பகுதி; நுழைவுச் சீட்டு விற்றுப் பணம் புரளும் மேடையில் ஆக்கியவனுக்கு மட்டும் பங்கில்லையா என்றது மற்றொரு பகுதி. 2019 சூன் 2ஆம் நாள் சென்னையில் இருவரும் ஒரே மேடையில் தோன்றியபோது இரு பகுதியினரும் சேர்ந்து அழுதார்கள். அடுத்த ஆண்டு செப்டம்பர் 25இல் பாலு மறைந்தார். அந்தச் சச்சரவில் எங்கள் வட்டம் பெரிதும் பாலு பக்கமே நின்றது. கீபோர்டு அண்ணனைக் கேட்ட பிறகு இளையராஜா எழுப்பிய கேள்வியின் நியாயம் கூடுதலாகத் தெரிகிறது: பணம் புரளும் இடத்தில் அது யார் கைக்குப் போகிறது என்று கேட்பது இசைக்குச் செய்யும் இழுக்கன்று.

*

ஆகவே எங்கள் முடிவு, முடிவு என்று சொல்லத் தகுமானால், இது. நிறுவனம் பணம் கொடுக்கட்டும். முதிய கலைஞர்களுக்கு அது வேண்டும்; உரிய நாளில் வங்கியில் வந்து சேரும் பணம் வேண்டும். பெயரையும் போட்டுக்கொள்ளட்டும், டியூப் லைட்டைப் பொறுத்துக்கொண்டவர்கள் எல்இடி திரையையும் பொறுத்துக்கொள்வோம். விடக்கூடாதவை வேறு. சிறப்பு விருந்தினருக்காகக் கச்சேரி காத்திருக்கலாகாது. முன்வரிசை முதலில் வந்து உட்காருகிறவர்களுக்கு உரியதாக வேண்டும். நிறுவனத்தார் கேட்க விரும்பினால் அவர்களும் முதலில் வரட்டும். வேலிக்கு வெளியே சாலை மேட்டில் அமர்ந்தவர்களுக்கு உள்ளே ஒரு பகுதியாவது இலவசமாக வேண்டும், அதுவும் மேடை தெரியும் தொலைவில். பாட்டை இரண்டாம் சரணத்திற்கு முன் வெட்டலாகாது. துண்டுச் சீட்டு மறுபடி வர வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. அண்ணனிடம் சொன்னபோது, கடைசி நிபந்தனை ஒன்றுதான் கடினம் என்றார். இப்போதைய பெரிய கச்சேரிகளில் விளக்கும் திரைக்காட்சியும் பாட்டு வரிசையோடு கணினியில் கோக்கப்பட்டிருப்பதால் இடையில் ஒரு பாட்டை நுழைப்பது எளிதன்றாம். பிறகு சற்று யோசித்து, கடைசி அரை மணி நேரத்தை மட்டும் திரையை அணைத்துவிட்டு வாசித்தால் முடியும் என்றார். பழைய ஆட்களுக்குச் சுருதி சொன்னால் போதுமாம்.

எங்கள் அளவில் ஒன்று செய்யத் துணிந்திருக்கிறோம். வட்டத்தில் ஆளுக்கு மாதம் முந்நூறு ரூபாய் சேர்க்கிறோம். வரும் சித்திரைக்குள் ஒரு சிறு குழுவிற்கு முழுக் கூலியும் முன்பணமாகக் கொடுக்கும் அளவு சேர்ந்துவிடும். வாடிப்பட்டிக்கு அருகில் ஓர் ஊரில் பள்ளிக்கூடத் திடல் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் பந்தல் செலவை ஏற்பதாகவும், தம் ஆலையின் பெயரைப் பின்திரையில் போட வேண்டும் என்றும் கேட்டார். பெரிய எழுத்திலேயே போடுவதாக ஒப்புக்கொண்டோம். கச்சேரி முடியும்வரை கீழே பாயில் இருப்பாரா என்று கேட்டோம். முழங்கால் வலி, நாற்காலி போடுவதானால் இருப்பதாகச் சொன்னார். நாற்காலிக்குச் சம்மதித்திருக்கிறோம்.